தாய்மாமன் சீரும் ஒரு பிரிட்டிஷ் டெஸ்ட்ராயரும்

கடல் இல்லாத ஊரில் பிறந்தவனுக்குக் கப்பல் பைத்தியம் பிடிக்கவே கூடாது. கடலோரத்துக்காரனுக்குப் பிடித்தால் துறைமுகத்தில் போய் நிற்பான், மீன் வாடையில் தலை கிறுகிறுத்துத் தானாகத் தெளிந்துவிடுவான். என் ஊர் சின்னமனூர். மேற்கே பார்த்தாலும் மலை, கிழக்கே பார்த்தாலும் மலை, நடுவில் வாழையும் திராட்சையும். இங்கே இருந்துகொண்டு ஒருத்தனுக்குக் கப்பல் பைத்தியம் பிடித்தால் அது முற்றுவதைத் தவிர வேறு வழியே இல்லை. எனக்கு முற்றியது. முற்றியதை ஊர் பார்த்தது. ஊர் என்று ஏதோ பேச்சுக்குச் சொல்லவில்லை. கூடலூரிலிருந்து ஆண்டிபட்டி வரைக்கும் செல்போன் வைத்திருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

பைத்தியத்திலும் எனக்கு வந்தது தனி ரகம். எல்லாக் கப்பலும் எனக்குப் பிடிக்காது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ்காரன் ஓட்டிய டெஸ்ட்ராயர் மட்டும்தான். தமிழில் நாசகாரி என்று எழுதுகிறார்கள். பெரிய கப்பல்களுக்குக் காவலாக முன்னும் பின்னும் ஓடுகிற சின்னக் கப்பல். ஒல்லியான உடம்பு, மெல்லிய இரும்புத் தோல், கவசம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஓட்டத்தை நம்பித்தான் அதன் பிழைப்பு. முன்னால் இரண்டு பீரங்கி, பின்னால் இரண்டு பீரங்கி, நடுவில் டார்பிடோ விடுகிற குழாய்கள், வால் பக்கம் நீர்மூழ்கியை அடிக்கிற வெடிப் பீப்பாய்கள். பகலெல்லாம் கடையில் மோட்டார் பம்பு விற்பேன். சாயங்காலம் ஷட்டரை இறக்கியதும் செல்போனில் இதைத்தான் படிப்பேன். பம்பு வருகிற அட்டைப் பெட்டியை வெட்டி ஒட்டி, சாம்பல் வண்ணம் அடித்து, டெஸ்ட்ராயர்களைக் கடை அலமாரியில் வரிசையாக வைத்திருந்தேன். (ஒரு விவசாயி அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மருந்தடிக்கிற மெசினா இது? எத்தனை லிட்டரு பிடிக்கும்?" என்று கேட்டார்.)

இந்தக் கப்பல்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது அவற்றின் கஷ்டம்தான். போர் ஆரம்பித்ததும் எதிரி விமானம் தலைக்கு மேலே வந்து குண்டு போட்டது. இவர்களுடைய பெரிய பீரங்கியோ ஓரளவுக்கு மேல் நிமிராது. தூரத்தில் வருகிறவனைச் சுடலாம், உச்சந்தலைக்கு நேரே வருகிறவனைப் பார்த்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். சரி என்று விமானத்தைச் சுட ஒரு துப்பாக்கியை மேலே ஏற்றினார்கள். அப்புறம் ரேடார் ஏற்றினார்கள். அப்புறம் இன்னும் வெடிப் பீப்பாய்கள். எல்லாமே மேலே மேலே. ஒல்லிக் கப்பல், தலைப்பாரம் கூடிப்போய் ஒரு பக்கம் சாய்ந்தால் நிமிர யோசிக்க ஆரம்பித்தது. உடனே பின்பக்கத்து டார்பிடோ குழாயைக் கழற்று, கடைசிப் பீரங்கியைக் கழற்று என்று ஓடினார்கள். ‘ஹண்ட்’ என்று ஒரு ரகம். அதில் வரைபடம் போட்டவர்களின் கணக்கே தப்பு. கப்பலைக் கட்டி முடித்துச் சோதித்துப் பார்த்தபோதுதான் தலைப்பாரம் என்று தெரிந்தது. பீரங்கியைக் குறைத்து, அடியில் எடை கட்டி, ஒருவழியாக ஒப்பேற்றினார்கள்.

இதைப் படித்துவிட்டு நான் கெக்கெக்கென்று சிரித்தேன். "இவ்வளவு படிச்சவனுக இப்படியா கோட்டை விடுவானுக!" என்று மனைவி சுமதியிடம் சொன்னேன். வாய்க்கொழுப்பு. வேறென்ன சொல்ல?

இனி அக்கா கதைக்கு வருகிறேன். என் அக்கா ஈஸ்வரியைப் பெரியகுளம் பக்கத்தில் ஓர் ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். (ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் இதைப் படித்தால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவார்கள்.) அப்பா சீக்கிரமே போய்விட்டார். பிறந்த வீட்டிலிருந்து செய்வதற்கு அக்காவுக்கு இருந்த ஒரே ஆள் நான். அக்கா மகள் யாழினிக்குக் காது குத்து வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் காது குத்து என்றால் தாய்மாமன்தான் எல்லாம். பிள்ளை அவன் மடியில் உட்கார வேண்டும், கம்மல் அவன் கொண்டுவர வேண்டும், அவன் கொண்டுவருகிற சீரை ஊர் முழுக்க நின்று பார்க்க வேண்டும்.

அதற்கு முந்தின வருஷம்தான் அக்காவின் ஓரகத்தி வீட்டுப் பிள்ளைக்குக் காது குத்து நடந்திருந்தது. அந்த அம்மாவின் அண்ணன் சீர் கொண்டுவந்தார். குமுளிக்கு அந்தப் பக்கமிருந்து செண்டை மேளம், ஆடுகிற குதிரை, தலைக்கு மேலே பூக் கொட்ட ஒரு ஜே.சி.பி. அன்றிலிருந்து அக்காவின் மாமியாருக்கு வாயில் வேறு பேச்சே இல்லை. ஒருநாள் மத்தியானம் அக்கா போனில் கூப்பிட்டாள். எடுத்தால் அழுகைச் சத்தம்தான் கேட்கிறது.

"ஏலே குமரேசா, என்னால முடியலடா. அடுப்படிக்குப் போனாலும் அதே பேச்சு. ‘அவுக அண்ணன் ஜே.சி.பி.யில வந்தாக. ஒன் தம்பி எதுல வருவான், பம்புசெட்டுலயா?’னு கேக்குறாக. ஓரகத்தி பக்கத்துல நின்னு சிரிக்கிறா. அப்பா இருந்திருந்தா இப்படிக் கேப்பாகளா?"

அந்தக் கடைசிக் கேள்விதான் என்னைக் கொன்றுவிட்டது. அப்பா போனதுக்கப்புறம் எனக்குச் சோறு பிசைந்து போட்டவள் அவள். அவள் அந்த வீட்டில் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும், அந்த மாமியார் ஒருநாளாவது வாயடைத்து நிற்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

"அழுகாதக்கா. நான் வார மாதிரி இந்த ஜில்லாவுலயே எவனும் வந்திருக்க மாட்டான்" என்று சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன வார்த்தைகளில் இந்த ஒன்றுதான் அப்படியே பலித்தது.

அக்கா ஊரில் காது குத்துகிற கோயில் கண்மாயின் அக்கரையில் இருக்கிறது. எல்லாரும் கரை வழியே சுற்றித்தான் சீர் கொண்டுபோவார்கள். அந்த வருஷம் நல்ல மழை, கண்மாய் நிறைந்து கிடந்தது. நான் அதைப் பார்த்தேன். கோயிலைப் பார்த்தேன். நடுவில் இருந்த தண்ணீரைப் பார்த்தேன். அதற்குப் பிறகு என்னைக் காப்பாற்ற யாராலும் முடிந்திருக்காது.

சுமதியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"கண்மாய்ல கப்பலா?"

"கப்பல் இல்ல. டெஸ்ட்ராயர்."

"ஒங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"கேப்டனுக்கு எதுக்குடி நீச்சல்?"

"அப்ப நான் கரை வழியா நடந்து வாரேன். கம்மலை எங்கிட்டக் குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

எவ்வளவு நம்பிக்கையில்லாத பெண்பிள்ளை என்று எனக்கு ஒரே ஆத்திரம். இருந்தாலும் கம்மலைக் கொடுத்துவிட்டேன்.

கட்டுமானம் மச்சானின் தென்னந்தோப்பில் நடந்தது. மச்சான் என்றால் அக்கா வீட்டுக்காரர். தன் அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு எப்போதும் வெற்றிலை மென்றுகொண்டிருக்கிற சாது. தோப்பு கண்மாயின் இக்கரையில், கோயிலுக்கு நேர் எதிரே இருந்தது. பெரிய தார்ப்பாயைக் கட்டி மறைத்துக்கொண்டோம். சின்னமனூரில் கிரில் பட்டறை வைத்திருக்கிற என் சேக்காளி போஸ் ஆட்களோடு வந்து தங்கினான். பிளாஸ்டிக் பீப்பாய்களை இரண்டு வரிசையாக இரும்புச் சட்டத்தில் கட்டினோம். அதற்கு மேல் பிளைவுட் தளம், அதற்கும் மேல் மாலுமி நிற்கிற மாடம், இரண்டு புகைபோக்கி, கொடிமரம். பி.வி.சி. குழாயில் பீரங்கி, அதைவிடப் பெரிய குழாயில் டார்பிடோ. பம்புக் கடைக்காரனுக்குக் குழாய்க்கா பஞ்சம்!

போஸ் முதல் நாளே சொன்னான். "ஏலே, தெப்பம் மாதிரி அகலமாப் பண்ணிருவோமா? ஆளுக நிக்கணும்ல?"

"அகலமா இருந்தா அது டெஸ்ட்ராயர் இல்லடா, பரிசல். நீளத்துல பத்துல ஒரு பங்குதான் அகலம். அதான் கணக்கு."

"யாரு வந்து அளந்து பாக்கப் போறா?"

"நான் பாப்பேன்ல?"

இப்படிப்பட்டவனை என்ன செய்வது? இப்போது நினைத்தாலும் எழுந்து போய் என்னை நானே ஓர் அறை விடலாம் போலிருக்கிறது.

ஆனால் தலைப்பாரம் விஷயத்தில் நான் அசட்டையாக இருக்கவில்லை. அதுதான் வயிற்றெரிச்சலே. பீப்பாய் வரிசைகளுக்கு நடுவே தண்ணீருக்குள் இறங்கினாற்போல ஒரு நீளத் தொட்டி வைத்து, அதில் மண் மூட்டைகளை அடுக்கினேன். கப்பலின் உயிரே அந்த மூட்டைகள்தான். பிரிட்டிஷ்காரன் செய்கிற மாதிரியே சாய்வுச் சோதனையும் செய்தேன். மாடத்தில் கொத்தனாரின் தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு, தளத்தில் எடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தி, குண்டு எவ்வளவு விலகுகிறது என்று பார்த்தேன். குண்டு கொஞ்சமாக விலகி ஒழுங்காகத் திரும்பி வந்தது. கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி கப்பல் சாதுவாக மிதந்தது. "ஹண்ட் ரகத்துக்காரனை எங்கிட்ட அனுப்பியிருக்கலாம்" என்று போஸிடம் சொன்னேன். அவனுக்கு அது யாரென்றே தெரியாது, இருந்தாலும் ஆமாம் என்றான்.

விழா நாள் வந்தது. காலையிலேயே சின்னமனூரிலிருந்து எங்கள் சனம் வேன் வேனாக வந்து தோப்பில் இறங்கியது. தலைமை, என் சித்தப்பா. அப்பாவின் தம்பி. எங்கள் வீட்டு நல்லது கெட்டது எதுவானாலும் அவர் துண்டை உதறித் தோளில் போட்ட பிறகுதான் நடக்கும். நான் மச்சான் வீட்டுப் பம்புசெட்டில் குளித்து, பட்டு வேட்டி கட்டி, வெள்ளைத் தொப்பி ஒன்றையும் மாட்டிக்கொண்டு (ஆமாம், தொப்பி. ஆன்லைனில் வாங்கினது) திரும்பி வந்தேன். தார்ப்பாயை அவிழ்த்திருந்தார்கள். என் டெஸ்ட்ராயர் தண்ணீரில் நின்றது. கண் கலங்கிவிட்டது எனக்கு. அப்புறம்தான் மாடத்தைச் சுற்றி மலை போல எதுவோ அடுக்கியிருப்பதைப் பார்த்தேன்.

"சித்தப்பா, என்ன இது?"

"அரிசி மூட்டைப்பா. சீர் அரிசி."

"இதைக் கீழ வைக்கணும். மேல பாரம் ஏறக் கூடாது."

சித்தப்பா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஏலே, சீருன்னா கண்ணுக்குத் தெரியணும்டா. கீழ ஒளிச்சு வைக்கிறதுக்கு இது என்ன ரேசன் அரிசியா? அக்கரையில இருக்குறவன் எண்ணிப் பாக்க வேணாமா?"

சொந்தக்காரர்கள் எல்லாரும் "அதானே" என்றார்கள். சரி, அடியில் மண் மூட்டை இருக்கிறது, சமாளித்துவிடும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். போர்க்காலத்தில் என்ன செய்தார்களோ அதையே நானும் செய்தேன். பின்பக்கத்து டார்பிடோ குழாயைக் கழற்றச் சொன்னேன். போஸ் கழற்றினான். கழற்றின இடம் காலியாக இருக்கிறதே என்று அந்த இடத்தில் என் பெரியம்மாக்கள் தட்டுகளோடு ஏறி நின்றுகொண்டார்கள்.

அடுத்தாற்போல மேளக்காரர்கள் வந்தார்கள். "கரையில நின்னு அடிக்கட்டும்" என்றேன். சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மேளம் இல்லாம சீரா? எழவு வீட்டுக்கா போறோம்?" என்றார். கடைசிப் பீரங்கியைக் கழற்றி மேளத்தை ஏற்றினோம். வாழைத்தார்களைக் கொடிமரத்தில் கட்டினார்கள். (உச்சியில். உச்சியில்!) ஸ்பீக்கர் பெட்டிகள் மாடத்தின் கூரைக்குப் போயின, கூடவே ஜெனரேட்டரும் போனது. புகைபோக்கி இரண்டுக்கும் நடுவில் யாழினியின் படம் போட்ட ஃபிளெக்ஸ் ஏறியது. சீர்க் கிடாயை எங்கே கட்டுவது என்று பேச்சு வந்தபோது நான் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டேன். மிச்சமிருந்த பின்பீரங்கி மேடையில் கட்டினார்கள். போர் நடந்த ஆறு வருஷத்தில் பிரிட்டிஷ்காரன் செய்த அத்தனை தப்பையும் எங்கள் சனம் ஒரே காலையில் செய்து முடித்தது. நான் அதைப் புத்தக அறிவோடு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஏன் நிறுத்தவில்லை என்று கேட்பீர்கள். அக்கரையில் ஊர் கூடிவிட்டது. நல்ல நேரம் முடியப்போகிறது. கூட்டத்துக்கு முன்னால் அக்கா அரக்குப் பட்டில் நிற்பது இங்கிருந்தே தெரிகிறது. அவளுக்குப் பக்கத்தில் ஆரத்தித் தட்டோடு அந்த மாமியார். இந்த நேரத்தில் "எல்லாரும் இறங்குங்க, எடை போட்டுப் பார்ப்போம்" என்று சொல்ல எந்தத் தாய்மாமனுக்கு நாக்கு வரும்?

புறப்பட்டோம். கப்பலுக்கு இன்ஜின் கிடையாது. அக்கரையில் மச்சானின் டிராக்டர் கயிறு கட்டி இழுத்தது. புகைபோக்கிக்குள் சாம்பிராணி போட்டிருந்தோம், புகை கம்மென்று எழுந்தது. முன்பீரங்கிக்குள் வைத்த வெடி டமார் என்று வெடித்தது. மேளம் முழங்கியது. பெரியம்மாக்கள் குலவை போட்டார்கள்.  அக்கரையில் விசில் பறந்தது பாருங்கள்! அந்த விசிலைக் கேட்கத்தான் நான் பிறந்தேன் என்று நினைத்தேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மாமியார் தட்டைப் பிடித்தபடி வாயடைத்துப்போய் நின்றார். ஓரகத்தி முகத்தைப் பார்க்க முடியவில்லை, அவள் எங்கோ பின்னால் போய்விட்டாள். ஜெயித்துவிட்டோம். கண்மாயில் முக்கால்வாசி தூரம் வரைக்கும் நாங்கள் ஜெயித்துக்கொண்டுதான் இருந்தோம்.

அப்போது தலைக்கு மேலே அந்த உர்ர்ர் சத்தம் கேட்டது. மச்சான் ஏற்பாடு செய்திருந்த வீடியோக்காரரின் ட்ரோன்.  என் கப்பலில் இருந்த ஒரு பீரங்கியும் மேலே நிமிராது. நிமிர்ந்திருந்தால் சத்தியமாகச் சுட்டிருப்பேன்.

ட்ரோன் இடது பக்கமாக வந்து தாழ்ந்து நின்றது. உடனே பெரியம்மாக்கள், சித்திகள், மேளக்காரர்கள், சித்தப்பா எல்லாரும் முகம் தெரிய வேண்டுமென்று இடது பக்கம் போனார்கள். தட்டுகளைத் தூக்கிக் காட்டினார்கள்.

"ஏய்! எல்லாரும் ஒரு பக்கம் வராதீக! ஆளுக்கொரு பக்கம் நில்லுங்க!"

"வீடியோ எடுக்குறாகப்பா, நீயும் வா!" என்றார் ஒரு பெரியம்மா.

மாடத்தில் தூக்குக் குண்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அது மெதுவாக விலகியது. நான் அது திரும்பி வருவதற்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை.

"சித்தப்பா! அடியில மண் மூட்டை இருக்குல்ல?"

சித்தப்பா ட்ரோனைப் பார்த்து வணக்கம் போட்டபடியே திரும்பினார். "எந்த மண்ணு? அதையெல்லாம் காலையிலயே தூக்கி எறியச் சொல்லிட்டேனே."

"எறியச் சொன்னீகளா?"

"பின்னே? பொண்ணு பிள்ளைக்குச் சீர் கொண்டுபோற எடத்துக்கு மண்ணையா கொண்டுபோவாக? சம்பந்தி வீட்டுல பாத்தா என்ன நினைப்பாக? எதோ வேலைக்காரப் பயலுக தெரியாம அடுக்கிட்டானுகன்னு நான் பாத்ததால தப்பிச்ச. அந்த எடத்துல நிரப்பத்தானே அரிசி கொண்டாந்தேன். ஆனா அரிசியக் கீழ வச்சா யாருக்குத் தெரியும்? அதான் மேல…"

அவர் முடிக்கவில்லை. கப்பல் முடித்துவிட்டது.

டபக்கென்று கவிழ்ந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அது நிதானமாக, யோசித்து யோசித்து, பெரிய மனுஷன் பாயில் ஒருக்களித்துப் படுக்கிற மாதிரி சாய்ந்தது. முதலில் அரிசி மூட்டைகள் கிளம்பின. ஜெனரேட்டர் அவற்றின் பின்னாலேயே போனது. குலவை போட்டுக்கொண்டிருந்த பெரியம்மாக்கள் குலவையோடு தண்ணீருக்குள் போய், அய்யோ என்று வெளியே வந்தார்கள். மேளம் மட்டும் கடைசிவரை ஓயவில்லை. மேளக்காரர் ஒருத்தர் அடித்துக்கொண்டே முழுகினார், அவர் தொழில் பக்தியை நான் குறை சொல்ல மாட்டேன். அதற்கப்புறம் எனக்குத் தெரிந்ததெல்லாம் சேறு.

நல்லவேளை, கரைக்குக் கிட்டே வந்துவிட்டிருந்தோம். எழுந்து நின்றால் நெஞ்சளவு தண்ணீர்தான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எழுந்து நிற்கலாம் என்பது தெரிவதற்குள் எங்கள் சனம் போட்ட கூப்பாடு பெரியகுளம் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டதாகச் சொல்கிறார்கள். தண்ணீர் முழுக்க பன்னீர் திராட்சை மிதந்தது. வாழைத்தார்கள் மிதந்தன. யாழினியின் ஃபிளெக்ஸ் சிரித்தபடி மிதந்தது. என் தொப்பியும் மிதந்தது. நடுவில் என் டெஸ்ட்ராயர் பீப்பாய் வயிற்றை வானத்துக்குக் காட்டிக்கொண்டு கிடந்தது. அதன் மேலே ட்ரோன் நின்று நிதானமாகச் சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தது.

எங்கள் பக்கத்திலிருந்து முதலில் கரையேறியது சீர்க் கிடாய். கயிறு அறுந்து, நீந்திப் போய், உதறிக்கொண்டு நேராகக் கூட்டத்துக்கு முன்னால் நின்றது. வாயடைத்து நின்றிருந்த மாமியாருக்குக் கை மட்டும் பழக்கத்தில் வேலை செய்திருக்கிறது. அந்த அம்மா கிடாய்க்கு ஆரத்தி சுற்றிப் பொட்டு வைத்துவிட்டார். அந்தக் கரை வெடித்துச் சிரித்தது. ஊரே சிரித்தது, கோயில் பூசாரி சிரித்தார், டிராக்டர் மேலே உட்கார்ந்து மச்சானும் சிரித்தார். நான் சேற்றுக்குள் நின்று அக்காவைத் தேடினேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

அவள் பட்டுப் புடவையோடு தண்ணீருக்குள் இறங்கி வந்தாள். ஓர் அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அறைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஏலே, கம்மல் எங்கடா?" என்று கேட்டாள்.

"சுமதிகிட்ட இருக்குக்கா. அவ நடந்து வாரா."

கரை மேலே சுமதி சொட்டுத் தண்ணீர் படாமல் நடந்து வந்துகொண்டிருந்தாள். அக்கா அவளையே பார்த்தாள். "நீயும் அவ கூட நடந்து வந்திருக்கலாம்ல?" என்றாள். "நான் என்னடா கேட்டேன் ஒன்ட்ட? கப்பலா கேட்டேன்?"

நான் தண்ணீரில் மிதந்த தொப்பியை எடுத்துப் பிழிந்தேன்.

ஈர வேட்டியோடு மணையில் உட்கார்ந்தேன். யாழினியை மடியில் வைத்தார்கள். குளிரில் பிள்ளைக்குப் பல் தந்தியடித்தது. ஆசாரி காதைக் குத்தும்போது அவள் அழவேயில்லை. என் தலையில் ஒட்டியிருந்த பாசியைப் பிய்த்து எடுத்துக்கொண்டே, "மாமா, சாயங்காலம் இன்னொருவாட்டி கவுப்பீகளா?" என்று கேட்டாள். மாமியார் அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஓரகத்தி மட்டும் எல்லாருக்கும் துண்டு எடுத்துக் கொடுத்தாள். அவ்வளவு சந்தோஷமாக யாரும் யாருக்கும் துண்டு கொடுத்து நான் பார்த்ததில்லை.

சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் வீடியோ கம்பம் ஊரைத் தாண்டிவிட்டது. சாயங்காலம் கடையைத் திறக்க முடியவில்லை. "பம்பு தண்ணிக்குள்ள நிக்குமா, இல்ல கவுந்துருமா?" என்று கேட்காத வாடிக்கையாளர் அதற்கப்புறம் எனக்கு வாய்க்கவில்லை. அலமாரியிலிருந்த அட்டைக் கப்பல்களையெல்லாம் எடுத்துச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டேன். அக்கா ரொம்ப நாள் என்னிடம் பேசவில்லை. நான் போன் போட்டால் மச்சான்தான் எடுப்பார். எடுத்ததும் சிரித்துவிடுவார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் அக்கா பாத்திரத்தை டங்கென்று வைக்கிற சத்தம் கேட்கும். எனக்குச் சோறு இறங்காது.

சில வருஷம் கழித்து அக்காவின் இரண்டாவது பிள்ளை கதிருக்குக் காது குத்து வந்தது. அக்காவே கூப்பிட்டாள். "நடந்து வா. வேற ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். நானும் சுமதியும் ஆளுக்கொரு தட்டோடு கண்மாய்க் கரை வழியே நடந்து போனோம். பார்த்தால் கரை முழுக்கக் கூட்டம். வடுகபட்டியிலிருந்தெல்லாம் வந்து துண்டை விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாருக்கும் கண் தண்ணீர் மேலே. நாங்கள் நடந்து வருவதைப் பார்த்ததும் ஒரு பெரியவர், "ச்சே! இதுக்கா கடையப் பூட்டிட்டு வந்தோம்" என்று எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுப் போனார்.

கோயில் வாசலில் மாமியார் முகம் தொங்கிப்போய் நின்றார். "ஏன் தம்பி, நடந்தா வந்தீக? எங்க சம்பந்தி கப்பல்லதான் வருவாகன்னு நான் ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். அந்த ஜே.சி.பி.யெல்லாம் யாருக்கு இப்ப ஞாபகம் இருக்கு? எங்கன போனாலும் என்னைக் கப்பக்காரக வீட்டு அம்மான்னுதான் சொல்றாக" என்றார். அப்புறம் அக்கா பக்கம் திரும்பி, "ஏத்தா, ஒன் தம்பிக்கு நம்ம மேல என்ன கோவம்? மொட்டையா வந்து நிக்கிறாக?" என்று கேட்டார்.

 கவிழ்த்தாலும் குற்றம், நடந்தாலும் குற்றம் என்றால் மனுஷன் எங்கே போவான்? அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு மாமியாரை நேருக்கு நேர் பார்த்தாள். கல்யாணமாகிப் போனதிலிருந்து அவள் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"அத்தே, என் தம்பி நடந்துதான் வருவான். எனக்கு அவன் முழுசா வந்தாப் போதும். கப்பல் பாக்கணும்னா ஒங்க மகன விடச் சொல்லுங்க. அவுகளுக்கும் ஒரு தங்கச்சி இருக்குல்ல?"

மாமியார் வாயடைத்துப்போனார். இதைத்தானே நான் கண்மாயில் சாகத் துணிந்து கேட்டேன்! அக்கா என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.  எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை கடை திறந்து சாமிக்கு ஊதுபத்தி கொளுத்தும்போது மச்சானிடமிருந்து போன். சிரிப்பு இல்லை. ரொம்பப் பதனமான குரல்.

"மாப்ளே, தங்கச்சி மகளுக்கு ஆண்டிபட்டியில காது குத்து வருது. அங்கனயும் ஒரு கண்மாய் இருக்கு. சும்மா ஒரு சந்தேகம். நம்ம ஜல்லிக்கட்டுக் காளையக் கப்பல்ல ஏத்துனா தாங்குமா?"

"மச்சான், வேணாம்."

"ஏத்துறேன்னு சொல்லல. கேக்குறேன். காளை நின்னுக்கிட்டுத்தான வரும்?" கொஞ்ச நேரம் வெற்றிலை மெல்லுகிற சத்தம் வந்தது. "மேல் மாடத்துல நிப்பாட்டிரலாம்ல மாப்ளே? கீழ நின்னா யாருக்குத் தெரியும்?"